எந்தக் குழந்தைக்கு எந்தப் படம்: கைக்குழந்தைகளின் சிறுநீர்ப்பாதைத் தொற்றும் நோயறிபடங்களும்



இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் கேள்வி சிறியது. காய்ச்சலோடு கூடிய சிறுநீர்ப்பாதைத் தொற்று முதன்முறையாக வந்து, மருந்தால் குணமாகி, தாயின் மடியில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு கைக்குழந்தைக்கு, அதன் பின்னர் எந்தெந்தப் படங்களை எடுக்க வேண்டும்? அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 1999இல் இக்கேள்விக்கு ஒரு விடை தந்தது; இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகள் எல்லார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், சிறுநீர்ப்பைக்குள் குழாய் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படமும் வேண்டும் என்றது. அதே கழகம் 2011இல், ஸ்கேன் போதும், குழாய் செலுத்தி எடுக்கும் படத்தை வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை என்று மாற்றிச் சொன்னது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் படமெடுக்கும் கருவிகள் பெரிதாக மாறிவிடவில்லை. படத்தில் தெரிந்ததைக் கொண்டு செய்யப்பட்ட சிகிச்சை குழந்தைக்கு எவ்வளவு உதவியது என்பது பற்றிய அறிவே மாறியது. ஆகவே, ஒரு படத்தை எடுப்பதா வேண்டாமா என்னும் முடிவை, அப்படம் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது என்பதைக் கொண்டு அளக்காமல், அது காட்டுவதன் பேரில் செய்யக்கூடிய செயல் எவ்வளவு பயன் தரும் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது இவ்வுரையின் கருத்தாகும்.

1. மூன்று படங்கள், மூன்று கேள்விகள்

சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீர், சிறுநீர்நாளங்கள் எனப்படும் இரு மெல்லிய குழாய்களின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. நாளம் பையின் சுவரை நேராகத் துளைக்காமல் சாய்வாகத் துளைத்து உள்ளே நுழைவதால், பை நிரம்பி அழுத்தம் கூடும்போது அந்தச் சாய்வழி தானாகவே அழுந்தி மூடிக்கொள்கிறது. சில குழந்தைகளில் இவ்வழி பிறவியிலேயே குட்டையாக அமைந்துவிடுவதால், சிறுநீர் கழிக்கும் வேளையில் அதன் ஒரு பகுதி மேல்நோக்கிச் சிறுநீரகத்தை நோக்கிப் பாய்கிறது. இதுவே பின்னோட்டம், மருத்துவமனைப் பேச்சில் ரிஃப்ளக்ஸ். நாளத்தை மட்டும் எட்டுவது முதல் நிலை, நாளமும் சிறுநீரகக் கிண்ணங்களும் விரிந்து நெளிந்து போவது ஐந்தாம் நிலை என ஐந்து படிகளாக இது பிரிக்கப்படுகிறது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டுகிறது. சிறுநீரகங்கள் இரண்டும் உள்ளனவா, அளவு சரியா, நீர் தேங்கி வீங்கியுள்ளனவா, பையின் சுவர் தடித்துள்ளதா என்பனவற்றுக்கு அது விடை தரும். பின்னோட்டம் உண்டா என்பதற்கு அதனிடம் நம்பத்தக்க விடை இல்லை. எம்.சி.யு. என்று சுருக்கமாக வழங்கும் இரண்டாவது படத்தில், மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்ப் புறவழியாகச் செலுத்திப் பையை அயோடின் கலந்த சாயநீரால் நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். பின்னோட்டமும் அதன் படிநிலையும் புறவழியின் அடைப்பும் இதில் தெளிவாகத் தெரியும். மூன்றாவதான டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனில், சிறுநீரகப் புறணியின் நுண்குழல் செல்களில் சென்று ஒட்டிக்கொள்ளும் மருந்தொன்றை டெக்னீஷியம் என்னும் கதிரியக்கப் பொருளோடு சேர்த்து இரத்தநாளத்தில் செலுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். மருந்து ஒட்டாத இடம் இருளாகத் தெரியும். தொற்று இருக்கும்போது எடுத்தால் அந்த இருள் அழற்சியைக் குறிக்கும். நான்கு முதல் ஆறு மாதம் கழித்தும் அது மறையாதிருந்தால் தழும்பைக் குறிக்கும். எப்போது எடுக்கப்பட்டது என்பது தெரியாமல் இந்தப் படத்தைப் படிக்க இயலாது.

குழாய் செலுத்துவதால் குழந்தை படும் துன்பமும், அதனால் புதிதாகத் தொற்று நேரும் சிறு வாய்ப்பும் உண்மையானவை. கதிர்வீச்சைப் பற்றிய அச்சமோ சற்று மிகையானது. ஒரு டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனால் கிடைக்கும் அளவு ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதர் ஓராண்டில் இயல்பாகப் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். படம் தரும் பெருஞ்சுமை வேறு வகையானது. பின்னோட்டம் என்று ஒரு முறை எழுதப்பட்டுவிட்டால், அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தினம் ஒரு வேளை மருந்து, மறுபடியும் குழாய், மறுபடியும் படம், சில வேளைகளில் அறுவை சிகிச்சை என்று தொடரும் நடவடிக்கைகளையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. பின்னோட்டத்தைத் தேடிய அரை நூற்றாண்டு

ஒவ்வொரு குழந்தைக்கும் எம்.சி.யு. எடுக்கும் வழக்கம் காரணமின்றித் தோன்றவில்லை. ஜான் ஹட்ச் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தவர்களிடம் பின்னோட்டத்துக்கும் சிறுநீரகச் சிதைவுக்கும் உள்ள தொடர்பை 1952இல் எடுத்துக்காட்டினார். லண்டனில் ஹாட்ஸன், எட்வர்ட்ஸ் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட கட்டுரை, தழும்பேறிச் சுருங்கிய சிறுநீரகங்களோடு பின்னோட்டமும் சேர்ந்தே காணப்படுவதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1973இல் நியூஸிலாந்தின் ராஸ் பெய்லி இந்நிலைக்குப் பின்னோட்டச் சிறுநீரக நோய் என்று பெயரே சூட்டினார். அதே பத்தாண்டில் ரான்ஸ்லியும் ரிஸ்டனும் பன்றிக்குட்டிகளின் சிறுநீரகங்களில் நடத்திய ஆய்வுகள், சிறுநீரகத்தின் இரு முனைகளிலும் உள்ள சில கூம்புகளின் வாய் திறந்தே இருப்பதால் தொற்றுள்ள சிறுநீர் அவற்றினுள் புகுந்து தழும்பை உண்டாக்குகிறது என்று காட்டின. தழும்புகள் பெரும்பாலும் முனைகளில் தோன்றுவது ஏன் என்பதற்கு இது மிக அழகிய விளக்கமாக அமைந்தது. அந்த அழகே பின்னால் வந்த இரு தலைமுறை மருத்துவர்களின் ஐயத்தை அடக்கிவிட்டது என்று சொன்னாலும் தவறில்லை.

இவ்வாறு ஒரு சங்கிலி உருவாயிற்று. பின்னோட்டம் தொற்றை மேலே ஏற்றுகிறது, தொற்று தழும்பை உண்டாக்குகிறது, தழும்பு பின்னாளில் இரத்தக் கொதிப்பாகவும் சிறுநீரகச் செயலிழப்பாகவும் முடிகிறது. எனவே பின்னோட்டத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினால் டயாலிசிஸ் நிலையங்களில் கூட்டம் குறையும் என்பது அக்காலத்து நம்பிக்கை. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கருவுற்ற தாய்மார்களுக்கு ஸ்கேன் எடுப்பது பரவலான பிறகு, கருவிலேயே சிறுநீரக வீக்கம் கண்டறியப்பட்டுப் பிறந்தவுடன் ஆராயப்பட்ட குழந்தைகள் வேறொரு செய்தியைக் கொண்டுவந்தார்கள். அவர்களுள் சிலர்க்கு, சிறப்பாக உயர்நிலைப் பின்னோட்டம் கொண்ட ஆண் குழந்தைகளுக்கு, ஒரு தொற்றும் வருமுன்னரே சிறுநீரகம் சிறுத்தும் செயல் குன்றியும் இருந்தது. சிறுநீரகத்தையும் நாளத்தையும் உருவாக்கும் கருவளர்ச்சி ஒன்றேயாதலின், அதில் நேர்ந்த பிழை இரண்டையும் ஒருசேரப் பாதித்திருந்தது. தழும்பு என்று அதுவரை எழுதப்பட்டு வந்தவற்றுள் ஒரு பகுதி பிறவிக் குறை; அதற்குப் பின்னோட்டம் காரணமாகாது, உடன்பிறந்த துணை மட்டுமே.

பதிவேடுகளும் இதற்கு ஒத்துப்போயின. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நாடுகளின் டயாலிசிஸ் மற்றும் சிறுநீரக மாற்றுப் பதிவேட்டை ஆராய்ந்து 2000இல் வெளியான கட்டுரை, பின்னோட்டத்தைத் தேடித் தேடிச் சிகிச்சை அளித்த பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்நோயால் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் வீதம் குறையவில்லை என்று கண்டது. பின்லாந்தின் ஊலு நகர ஆய்வாளர்கள் 2011இல், நாட்பட்ட சிறுநீரக நோய்க்குக் குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப வந்த சிறுநீர்த் தொற்று முதன்மைக் காரணமாக இருப்பது மிஞ்சிப் போனால் 0.3 விழுக்காடே என்று மதிப்பிட்டார்கள்.

3. சிகிச்சையின் எல்லை

பின்னோட்டம் நோயின் வேராக இல்லாவிட்டாலும், அதை அறிந்து செய்யும் சிகிச்சை பயன் தருமானால் படமும் பயனுடையதே. இங்கேதான் நெறிமுறைகளைப் புரட்டிப் போட்ட ஆய்வுகள் வருகின்றன. 1980களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த பன்னாட்டுப் பின்னோட்ட ஆய்வு, மூன்றாம் நான்காம் நிலைக் குழந்தைகளை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றுக்கு நாளத்தை மாற்றிப் பொருத்தும் அறுவையும் மற்றதற்குத் தினசரித் தடுப்பு மருந்தும் அளித்தது. அறுவையால் காய்ச்சலோடு கூடிய தொற்று குறைந்தது. புதிய தழும்புகளின் எண்ணிக்கை இரு கூற்றிலும் ஒன்றாகவே இருந்தது.

2003இல் ஹோபர்மன் குழுவினர் ஒரு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள 309 குழந்தைகளுக்கு மூன்று படங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேன் 88 விழுக்காட்டினர்க்கு இயல்பாக இருந்தது. 39 விழுக்காட்டினர்க்குப் பின்னோட்டம் இருந்தது. ஆயினும் அவற்றுள் 96 விழுக்காடு முதல் மூன்று நிலைகளுக்குள் அடங்கியது. ஆறு மாதம் கழித்துத் தழும்பு காணப்பட்டவர்கள் 9.5 விழுக்காட்டினர். பத்தில் நான்கு குழந்தைகளிடம் ஏதோ ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடும் ஒரு படம், அந்நால்வரில் பெரும்பாலோர்க்கு வளர வளரத் தானே மறையக்கூடிய ஒன்றையே கண்டுபிடிக்கிறது என்பது இதன் பொருள். 2011ஆம் ஆண்டு நெறியை வகுத்தவர்கள், அதற்கு முன் நடந்த ஆறு ஆய்வுகளிலிருந்து 1,091 குழந்தைகளின் தரவுகளைத் திரட்டிப் பார்த்து, முதல் நான்கு நிலைகளில் தடுப்பு மருந்தால் காய்ச்சல் தொற்று குறைந்ததற்குச் சான்றில்லை என்று கண்டே எம்.சி.யு.வைக் கைவிட்டார்கள்.

வாதம் அத்துடன் முடியவில்லை. ரிவர் என்று அழைக்கப்படும் ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. பின்னோட்டம் உள்ள 607 குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகள் தடுப்பு மருந்தோ மருந்தில்லா வெற்றுச் சிரப்போ கொடுத்ததில், மறுதொற்று மருந்துக் கூற்றில் 39 பேருக்கும் மற்றதில் 72 பேருக்கும் வந்தது. எம்.சி.யு.வை ஆதரிப்போர் இந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எதிர்ப்போர் அதே கட்டுரையின் வேறிரண்டு எண்களை எடுத்துக்கொண்டார்கள். தழும்பு மருந்துக் கூற்றில் 11.9 விழுக்காடு, மற்றதில் 10.2; மீண்டும் வந்த ஈ.கோலைக் கிருமித் தொற்றுகளுள் மருந்துக்கு அடங்காதவை மருந்துக் கூற்றில் 63 விழுக்காடு, மற்றதில் 19. 2023இல் வெளியான பிரெடிக்ட் ஆய்வு, இன்னும் தொற்றே வராத, ஆனால் மூன்று முதல் ஐந்தாம் நிலைப் பின்னோட்டம் கொண்ட 292 இளங்குழந்தைகளை எடுத்துக்கொண்டது. தடுப்பு மருந்தால் தொற்று 35.6 விழுக்காட்டிலிருந்து 21.2 விழுக்காடாகக் குறைந்தது. அதாவது, ஒரு குழந்தைக்கு ஒரு தொற்றைத் தவிர்க்க ஏழு குழந்தைகள் இரண்டு ஆண்டுகள் தினமும் மருந்து உண்ண வேண்டும். தழும்பில் இங்கும் வேறுபாடில்லை.

ஒரு காய்ச்சலைத் தவிர்ப்பது சிறு பயன் என்று ஒதுக்கிவிட முடியாது; மாதக் குழந்தையோடு மருத்துவமனையில் படுத்திருந்த தாய்க்கு அதன் அருமை தெரியும். ஆனால் எம்.சி.யு. எடுப்பதற்கு முன் பெற்றோரிடம், சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லப்படும் காரணத்துக்கு இந்த ஆய்வுகள் துணை நிற்கவில்லை. மறுதொற்றைக் குறைக்கலாம், சிறுநீரகம் தேறும் என்று உறுதி சொல்ல முடியாது என்று சொல்வதே நேர்மை. அப்படிச் சொல்லப்பட்டால் பெற்றோரில் பலர் வேறு முடிவெடுக்கக் கூடும்.

4. படத்துக்கு முன் சிறுநீர்

படம் வேண்டுமா என்னும் விவாதத்தில் அடிக்கடி விடுபட்டுப்போவது, தொற்று உண்மையில் இருந்ததா என்னும் கேள்வி. கைக்குழந்தையிடம் சிறுநீர் பிடிக்க மிக எளிய வழி, ஒட்டும் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பது. தோலிலும் மலத்திலும் உள்ள கிருமிகள் அதில் கலந்துவிடுவதும் அவ்வளவே எளிது. காய்ச்சலோடு வரும் 1,000 குழந்தைகளில் 50 பேருக்குத் தொற்று உண்மையாகவே உள்ளது என்று கொள்வோமானால், மீதி 950 பேரின் பைச் சிறுநீரில் 37 விழுக்காட்டு மாதிரிகள், அதாவது ஏறத்தாழ 350, கலப்பினால் கிருமி வளர்ந்ததாகக் காட்டும். ஐம்பது உண்மைத் தொற்றும் தவறாது பிடிபட்டாலும், தொற்று என்று அறிக்கை வந்த 400 பேரில் 350 பேருக்குத் தொற்றே இல்லை. அமெரிக்க நெறி இக்கணக்கைக் கொண்டே, பைச் சிறுநீரின் பேரில் தொற்று என்று எழுதுவது 88 விழுக்காடு தவறாகும் என்றது. தொற்றில்லை என்று முடிவு கட்டப் பை உதவும். தொற்று உண்டு என்று சொல்லக் குழாய் வழியாகவோ அடிவயிற்றில் ஊசி வழியாகவோ எடுத்த சிறுநீரே வேண்டும். இல்லாத தொற்றுக்காக எடுக்கப்படும் படம், மூன்றாம் பகுதியில் கண்ட விவாதங்களுக்கெல்லாம் வெளியே நிற்கும் வீண் படம்.

5. ஆறு மாதத்துக்கு உட்பட்டோர்

மேலே சொன்னவற்றைக் கேட்டு, படமே வேண்டாம் என்று முடிவு கட்டுவது பெரும்பிழையாகும். சில குழந்தைகளில் படம் காட்டும் குறை, உடனே செய்யத்தக்க, செய்தால் பயன் தருகிற சிகிச்சையைக் கோருகிறது. ஆண் குழந்தைகளில் மட்டும், 5,000 முதல் 8,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில், சிறுநீர்ப் புறவழியின் பின்பகுதியில் வால்வு போன்ற சவ்வு வளர்ந்து சிறுநீரை அடைக்கிறது. பையின் சுவர் தடித்து, இரு சிறுநீரகங்களும் வீங்கி, இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் ஏறிக்கொண்டிருக்கும் நிலையில் தொற்றுக் காய்ச்சலே அதன் முதல் அறிகுறியாக அமையலாம். மெல்லிய உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி அச்சவ்வை அறுத்துவிடுவது நாள் தள்ளத் தகாத சிகிச்சை. இங்கே எம்.சி.யு. வேண்டுமா என்று எவரும் கேட்பதில்லை.

ஆகவே பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட நெறி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத் தனியே பிரித்தது. 48 மணி நேரத்துக்குள் மருந்துக்கு நன்கு இணங்கிய குழந்தைக்கு ஆறு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன். அது இயல்பாக இருந்தால் வேறெதுவும் இல்லை. கடுமையாக நோயுற்ற குழந்தை, சிறுநீர் சீராகப் பாயாத குழந்தை, வயிற்றிலோ சிறுநீர்ப்பையிலோ கட்டி தட்டுப்படும் குழந்தை, கிரியாட்டினின் உயர்ந்த குழந்தை, இரத்தத்தில் கிருமி பரவிய குழந்தை, 48 மணி நேரத்தில் மருந்துக்கு இணங்காத குழந்தை, ஈ.கோலை அல்லாத கிருமியால் தொற்றுற்ற குழந்தை ஆகியோர்க்கும், தொற்று மீண்டும் வந்தோர்க்கும் மூன்று படங்களும் வேண்டும் என்றது. வழக்கமான கிருமியான ஈ.கோலை இயல்பான பாதையிலும் நோயை உண்டாக்கவல்லது. வழக்கத்துக்கு மாறான கிருமி பெரும்பாலும் எங்கோ தேக்கம் உள்ள இடத்திலேயே வேர்கொள்கிறது என்பதால், வளர்ப்புச் சோதனை அறிக்கையில் உள்ள கிருமியின் பெயரே படமெடுக்கும் முடிவுக்கு ஒரு துப்பாகிறது. செலவில்லாமல் கையில் கிடைக்கும் இத்துப்பைப் படிக்காமலே எம்.சி.யு. சீட்டு எழுதப்படுவதுண்டு.

ஸ்கேனை எப்போது எடுப்பது என்பதும் கவனத்துக்குரியது. ஈ.கோலையின் நச்சு நாளத்தின் தசையைத் தளர்த்துவதால், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ஸ்கேனில் நாளம் விரிந்து அடைப்புப்போல் தோன்றக்கூடும். பிறந்து இரண்டு நாள் ஆகாத குழந்தையிலோ, உடலில் நீர் குறைவாக இருப்பதால், உண்மையான வீக்கமும் சிறிதாகத் தெரியக்கூடும். கடுமையாக நோயுற்ற குழந்தைக்கு உடனே எடுக்கவும், நன்கு தேறிவரும் குழந்தைக்குச் சில வாரம் பொறுத்து எடுக்கவும் நெறிகள் சொல்வதன் காரணம் இதுவே.

6. இந்திய நெறியும் அடுத்த காய்ச்சலும்

இந்தியக் குழந்தைச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2011ஆம் ஆண்டு நெறி, ஒரு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்று படங்களையும் பரிந்துரைத்தது. அமெரிக்கா பின்வாங்கிய அதே ஆண்டில் இந்தியா முழுப் பட்டியலையும் பிடித்துக்கொண்டதற்கு நியாயம் உண்டு. கருவுற்ற ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேன் தரமாக நடந்திருந்தால், பெரிய அடைப்புகளும் வீக்கங்களும் பிறக்குமுன்பே தெரிந்திருக்கும். அந்த ஸ்கேன் எடுக்கப்படாத, அல்லது அவசரமாக எடுக்கப்பட்ட குழந்தைக்கு முதல் தொற்றே முதல் வாய்ப்பு. ஆனால் அந்நியாயம் ஸ்கேனுக்கே முழுதும் பொருந்தும், எம்.சி.யு.வுக்குப் பாதிதான் பொருந்தும். அண்மையில் திருத்தப்பட்ட இந்திய நெறி இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுள்ளது. ஸ்கேன் எல்லார்க்கும்; எம்.சி.யு. மறுதொற்று வந்தோர்க்கும், ஸ்கேனில் குறை கண்டோர்க்கும், ஈ.கோலை அல்லாத கிருமியால் தொற்றுற்ற இரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்கும்; டி.எம்.எஸ்.ஏ. மறுதொற்றும் உயர்நிலைப் பின்னோட்டமும் உள்ளோர்க்கு மட்டும். அனாமலி ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பதும் இனி இம்முடிவின் ஒரு பகுதியாக வேண்டும்.

தழும்பைக் குறைக்கப் படத்தால் இயலாததை, காலம் தவறாத சிகிச்சையால் ஓரளவு இயலும் என்பதற்குச் சான்று உண்டு. 2016இல் 482 குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்த ஷேக் குழுவினர், காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து மருந்து தொடங்கப்பட்டோரிடம் புதிய தழும்பு நேரும் வாய்ப்பு 47 விழுக்காடு கூடியிருந்ததாகக் கண்டார்கள். தமிழ்நாட்டுச் சூழலில் இந்தக் காலக்கெடுவை உடைப்பது பெரும்பாலும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப். இரண்டு வேளை கொடுத்த பிறகு சோதித்தால் கிருமி வளராமல் போய், தொற்றா இல்லையா என்பதே தெரியாமல் போகிறது. அதன் பிறகு அக்குழந்தைக்கு மறுதொற்று வந்ததா என்று எண்ணவும் வழியில்லை, மறுதொற்றை அடிப்படையாகக் கொண்ட எந்த நெறியும் அக்குழந்தைக்குப் பொருந்தாது. ஆதலால் முதல் தொற்று குணமாகி வீடு திரும்பும் குழந்தையின் விடுவிப்புச் சீட்டில், ஸ்கேன் நாளுக்கு மேலே, வேறு காரணம் தெரியாத காய்ச்சல் எப்போது வந்தாலும் ஆன்டிபயாடிக் சிரப் கொடுக்குமுன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சிறுநீர்ச் சோதனை செய்ய வேண்டும் என்றும், அந்தச் சிறுநீர் பையில் பிடிக்கப்படாமல் குழாய் வழியே எடுக்கப்பட வேண்டும் என்றும் தமிழில் எழுதப்பட வேண்டும். தாய் அச்சீட்டை எடுத்துச் செல்லும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில், அதற்கேற்ற மெல்லிய குழாயும் அதைச் செலுத்தப் பயிற்சி பெற்ற செவிலியரும் இருக்க வேண்டும்.